புயல் நேரத்து வயர்லெஸ்: பில் யார் கட்டுவது?

விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் உப்பளக் கடற்கரைக்குப் புயல் புதிதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையில் கரையேறியது. 2020 நவம்பர் 25 நள்ளிரவில் நிவர் மரக்காணத்தை ஒட்டியே நிலத்துக்குள் வந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே ஏறி, மேலே நகராமல், நின்ற இடத்திலேயே கொட்டித் தீர்த்தது. உப்பளத்துக்கு மேற்கே, திண்டிவனம் போகும் பக்கத்தில் பிரம்மதேசம். அதற்கும் உள்ளே தள்ளியிருக்கும் மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீட்டரைத் தாண்டியது மழை.

இப்படிப்பட்ட இரவில் முதலில் போவது மின்சாரம். காற்று வலுக்கும்போது விபத்தைத் தவிர்க்க மின்வாரியமே நிறுத்திவிடும். அதன் பிறகு செல்போன் டவர் பேட்டரியில் ஓடும். அது சில மணி நேரத்துக்குத்தான். ஜெனரேட்டர் இருக்கும் டவருக்கு டீசல் கொண்டுபோக வண்டி வேண்டும், வண்டி போகச் சாலையில் மரம் விழாதிருக்க வேண்டும். டவர் நின்றிருந்தாலும், அதை வெளியுலகத்தோடு இணைக்கும் கண்ணாடியிழைக் கேபிள் எங்காவது அறுந்திருந்தால் அது வெறும் இரும்புக் கம்பம். எல்லாம் சரியாக இருந்தாலும் ஊரே ஒரே நேரத்தில் உறவினர்களை அழைக்கும்போது லைன் கிடைக்காது. இவை தமிழ்நாட்டுக் கடற்கரையில் யாருக்கும் விளக்க வேண்டிய விஷயங்கள் இல்லை.

ஆனாலும் அந்த இரவில் சிலருக்குப் பேச்சு அறுந்துபோகக் கூடாது. காவல் நிலைய ஏட்டு, தீயணைப்பு வண்டி ஓட்டுநர், கிராம நிர்வாக அலுவலர், லைன்மேன், ஆம்புலன்ஸ் ஊழியர், அரக்கோணத்திலிருந்து வரும் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது பட்டாலியன்காரர்கள் ஆகியோர் அவர்கள். இவர்களுக்கென்று தனி வயர்லெஸ் வலையமைப்பு வேண்டும் என்பதில் உலகில் எங்கும் கருத்து வேறுபாடு இல்லை. அதற்குக் காசு யார் தருவது என்று கேட்டவுடன்தான் அறையில் எல்லோரும் கூரையைப் பார்க்கிறார்கள்.

தனி வலையமைப்பு என்பது செல்போனுக்கு மாற்றாக இன்னொரு செல்போன் கிடையாது. காவலர்கள் ‘மைக்’ என்று சொல்லும் அந்தக் கருவியில் ஒருவர் பொத்தானை அழுத்திப் பேசினால், குழுவில் உள்ள அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் கேட்கிறது. எண்ணைத் தேட வேண்டியதில்லை, மறுமுனை எடுக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இடையில் பேச்சை வாங்கித் தொலைவுக்குக் கடத்தும் ரிப்பீட்டர் விழுந்துவிட்டாலும் இரண்டு வாக்கி-டாக்கிகள் சில கிலோமீட்டருக்குள் நேரடியாகப் பேசிக்கொள்ளும். வாட்ஸ்அப் குழுவால் இந்த இரண்டையும் செய்ய முடியாது. மைக்கால் படம் அனுப்ப முடியாது, வரைபடம் காட்ட முடியாது என்பதும் உண்மை. உடைந்த ஏரிக்கரையை ஒரு படமாக அனுப்பினால் பத்து நிமிட விளக்கம் மிச்சமாகும். இந்த இரண்டு திறனும் ஒரே கருவியில் வேண்டும் என்பதால்தான் பல நாடுகள் இன்று தனி 4ஜி அலைவரிசை பற்றிப் பேசுகின்றன.

இப்போது நம்மூரில் செலவு எப்படிப் பிரிகிறது என்று பார்ப்போம். காவல்துறை வயர்லெஸ் மாநில அரசின் செலவு. கருவிகள் வாங்க, மத்திய உள்துறையின் காவல்படை நவீனமயத் திட்டத்திலிருந்து ஒரு பங்கு வரும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தக் கருவி பேசும் அலைவரிசை மத்திய அரசின் சொத்து. சொந்த உபயோகத்துக்காக அலைவரிசை வைத்திருப்பவர்கள் தொலைத்தொடர்புத் துறைக்கு ஒரு சூத்திரத்தின்படி ராயல்டி கட்ட வேண்டும். மாநிலக் காவல்துறைகளும் இந்தக் கணக்கில் சேர்ந்தவையே. ஒரு கையால் நவீனமய நிதி கொடுத்து மறுகையால் அலைவரிசைக் கட்டணம் வாங்குவது நீண்டகால மனக்குறை. வணிக நிறுவனத்துக்கும் புயலில் ஊரைக் காலி செய்யும் காவலருக்கும் ஒரே வகைக் கணக்குப் போடுவதை நியாயப்படுத்த எனக்கு ஒரு வாதமும் கிடைக்கவில்லை.

காவல்துறையைத் தாண்டினால் நிலைமை மெலிகிறது. வருவாய்த்துறை, மின்வாரியம், ஊராட்சி என்று மற்றவர்கள் பெரும்பாலும் செல்போனையே நம்பியிருக்கிறார்கள். துறையின் சிம் கிடைத்தவர்கள் உண்டு. கிடைக்காதவர்கள் சொந்தச் செல்போன், சொந்த ரீசார்ஜ். ஊராட்சியின் தண்ணீர்த்தொட்டி இயக்குபவர், தூய்மைப் பணியாளர், நிவாரண முகாமில் சோறு பொங்கும் பெண்கள் வரை வந்தால் கணக்கே இல்லை. ‘அவசர காலத் தொடர்புக்கு யார் பணம் கட்டுகிறார்கள்’ என்ற கேள்விக்கு இந்தக் கடற்கரையில் கிடைக்கும் நேர்மையான முதல் பதில் இதுதான்: படியில் கீழே நிற்பவர், தன் பையிலிருந்து.

பேரிடர் நிதி எதற்கு இருக்கிறது என்று கேட்கலாம். மாநிலப் பேரிடர் மீட்பு நிதியில் மத்திய அரசு 75 விழுக்காடும் தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் 25 விழுக்காடும் போடுகின்றன. 2015–20 காலத்து விதிகளில் தேடல், மீட்புக் கருவிகள், தகவல் தொடர்புக் கருவிகள் வாங்க இடம் இருந்தது. ஆண்டு ஒதுக்கீட்டில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. கவனியுங்கள், வாங்குவதற்கு. வாங்கிய செட்டின் பேட்டரி மூன்றாம் ஆண்டில் செத்துப்போகும்போது, ரிப்பீட்டர் ஆன்டெனாவை உப்புக்காற்று அரிக்கும்போது, பராமரிப்பு ஒப்பந்தம் முடியும்போது எந்தத் தலைப்பிலிருந்து எடுப்பது? மரக்காணத்தில் இரும்புக் கதவே எத்தனை நாள் தாங்கும் என்பதை உப்பளத்துக்காரர்களிடம் கேட்டால் சொல்வார்கள். கடற்கரையில் வாங்கும் செலவைவிட வைத்திருக்கும் செலவே பெரிது.

வெளிநாட்டுக் கடனிலும் இதே கதைதான். 2013இல் உலக வங்கி, தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்குமான கடலோரப் பேரிடர் அபாயக் குறைப்புத் திட்டத்துக்கு 23.6 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது. வீடுகள், புயல் பாதுகாப்பு மையங்கள், முன்னெச்சரிக்கை ஏற்பாடுகள், மீனவர் பாதுகாப்பு எனப் பலவும் அதில் அடக்கம். ஒடிசாவில் இதே போன்ற உலக வங்கித் திட்டமொன்றில் கடலோரத்தில் 122 சைரன் கோபுரங்கள் நின்றன. பயனுள்ள வேலை, மறுக்கவில்லை. ஆனால் கடன் திட்டத்துக்கு முடிவுத் தேதி உண்டு; புயலுக்கு இல்லை. திட்ட அலுவலகம் மூடிய பிறகு கடனைத் திருப்பிக் கட்டுவதும் நாம், கோபுரத்துக்குக் கரண்ட் பில் கட்டுவதும் நாம்.

இந்தக் கடற்கரைக்குத் தெற்கே, ஒரு மணி நேரப் பயணத்தில், இதற்கு வேறொரு விடை ஒரு காலத்தில் செயல்பட்டது. 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. கனடாவின் சர்வதேச வளர்ச்சி ஆராய்ச்சி மையம் பணம் தந்தது. வில்லியனூர் நடு மையம். சுற்றியிருந்த ஊர்களுக்குத் தொலைபேசி லைன் நம்பகமாக இல்லாததால் இருவழி விஎச்எஃப் வயர்லெஸ் மூலம் ஊர்களை இணைத்தார்கள். மின்வெட்டுக்குச் சூரியப் பலகைகள் வைத்தார்கள். கனடா கொடுத்தது கருவி. இடம் தந்தது ஊர், உட்கார்ந்து வேலை பார்த்தது ஊரின் தன்னார்வலர்கள், அவர்களில் பலர் பெண்கள். வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிட்ட அலை உயரக் கணிப்பை இறக்கி, தமிழாக்கி, கடற்கரை ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கட்டுமரம் இறக்குவதா வேண்டாமா என்பதை அந்தக் குரலைக் கேட்டு முடிவு செய்தவர்கள் உண்டு.

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 காலை, புதுச்சேரியின் நல்லவாடு என்ற மீனவ ஊருக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு தொலைபேசி வந்தது. அந்த ஊர்க்காரர் ஒருவர் அங்கே தொலைக்காட்சியில் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்குச் சொன்னார். ஊரார் தகவல் மையத்தின் கதவைத் திறந்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஊர் மேட்டுக்கு ஓடியது. வீடுகளும் படகுகளும் போயின, ஊரில் உயிர்ச்சேதம் இல்லை. இந்தச் சம்பவம் பலமுறை எழுதப்பட்டது, பெரும்பாலும் தொழில்நுட்பத்தின் வெற்றியாக. என் பார்வையில் அது செலவுப் பங்கீட்டின் வெற்றி. அந்த ஒலிபெருக்கி அன்று காலை வேலை செய்ததற்குக் காரணம், அது முந்தைய நாளும் அதற்கு முந்தைய நாளும் மீன்விலையும் அலை உயரமும் சொல்லிக்கொண்டிருந்தது. தினசரிப் பயன் இருந்த கருவியை ஊரே பராமரித்தது. பேரிடருக்கு மட்டும் என்று பூட்டி வைத்த கருவியைப் பராமரிக்க யாரும் முன்வருவதில்லை.

அதே நாளில் அந்தமானில் வேறொரு விதமாகப் பில் கட்டப்பட்டது. தொலைபேசி நின்றுபோன போர்ட் பிளேரில், ஹாம் வானொலி ஆர்வலர்களின் பயணத்துக்காக வந்திருந்த பாரதி பிரசாதும் குழுவினரும் தங்கள் செட்டுகளை வைத்துப் பெருநிலத்துக்குச் செய்தி கடத்தினார்கள். அவர்களுடைய வயர்லெஸ்ஸுக்குக் காசு போட்டது அரசின் எந்தப் பேரிடர்த் தலைப்பும் இல்லை. ஒரு பொழுதுபோக்கின் ஆர்வம். அரிய உதவி. ஒரு நாட்டின் ஏற்பாடாக அதை எண்ணிக்கொள்ள முடியாது.

பெரிய பணக்கார நாடுகள் என்ன செய்தன? அமெரிக்காவில் 2001 செப்டம்பர் 11 அன்று உலக வர்த்தக மையக் கோபுரங்களில் ஏறிய தீயணைப்பு வீரர்களின் ரேடியோக்கள் பலருக்குக் கைகொடுக்கவில்லை. அதன் பிறகும் பணம் யாருடையது என்ற இழுபறி பத்தாண்டுக்கு மேல் ஓடியது. 2008இல் ஒரு வழி முயன்றார்கள்: 700 மெகாஹெர்ட்ஸில் ஒரு துண்டை ஏலம் விட்டு, வாங்கும் நிறுவனம் மீட்புப் பணியாளர்களுக்கும் சேர்த்து வலையமைப்பு கட்ட வேண்டும் என்றார்கள். குறைந்தபட்ச விலை 130 கோடி டாலருக்கு மேல். வந்தது 47 கோடி டாலருக்கு ஒரே கேட்பு. ஏலம் தோற்றது. அரசின் கடமையைச் சந்தையின் தலையில் இலவசமாக ஏற்ற முடியாது என்று அந்த ஒற்றைக் கேட்பு சொன்னது.

2012 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றம் வேறு வழிக்கு வந்தது. மற்ற அலைவரிசைகளை ஏலம் விட்டு வரும் வருமானத்திலிருந்து 700 கோடி டாலர், கூடவே 20 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை, இரண்டையும் ஃபர்ஸ்ட்நெட் என்ற புதிய அமைப்புக்குக் கொடுத்தது. 2017 மார்ச்சில் ஏடி&டி நிறுவனத்துடன் 25 ஆண்டு ஒப்பந்தம்: அரசு 650 கோடி டாலரும் அலைவரிசையும் தரும், நிறுவனம் ஒப்பந்தக் காலத்தில் சுமார் 4,000 கோடி டாலர் செலவிடும், மீட்புப் பணியாளர்களுக்குத் தேவைப்படாத நேரத்தில் அந்த அலைவரிசையைத் தன் சாதாரண வாடிக்கையாளர்களுக்கு விற்றுக்கொள்ளலாம். புத்திசாலித்தனமான பேரம்தான். ஆனாலும் ஊர்க் காவல்துறையும் தீயணைப்பு நிலையமும் மாதச் சந்தா கட்டியாக வேண்டும். அலைவரிசை இலவசம், பேச்சு இலவசமில்லை.

பிரிட்டன் எதிர்த் திசையில் போய்ச் சூடுபட்டது. ஏர்வேவ் என்ற வலையமைப்பைத் தனியார் கட்டி, தனியாரே நடத்தி, காவலும் தீயணைப்பும் ஆம்புலன்ஸும் கட்டணம் கட்டின. அது கைமாறிக் கைமாறி 2016இல் மோட்டரோலா சொல்யூஷன்ஸிடம் போனது. அதற்குப் பதிலாக வர வேண்டிய 4ஜி வலையமைப்பு ஆண்டுக்காண்டு தள்ளிப்போயிற்று. 2019இல் அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் மொத்தச் செலவை 930 கோடி பவுண்டு என்று மதிப்பிட்டது, முதல் கணக்கைவிட 310 கோடி அதிகம். புதியது வராதவரை பழையதை விட முடியாது. பழையதன் உரிமையாளர் கேட்கும் விலையைத் தட்டவும் முடியாது. கடைசியில் போட்டிக் கண்காணிப்பு ஆணையம் 2023இல் தலையிட்டு விலைக்கு உச்சவரம்பு போட்டது. மிதமிஞ்சி வசூலாகிக்கொண்டிருந்த தொகை ஆண்டுக்குச் சுமார் 20 கோடி பவுண்டு என்பது அதன் கணக்கு. உயிர்காக்கும் வலையமைப்புக்கு ஒரே விற்பனையாளர் இருந்தால் பேரத்தில் யார் கை ஓங்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். தென்கொரியா இந்தச் சுற்றிவளைப்பெல்லாம் இல்லாமல், 2014இல் செவோல் கப்பல் மூழ்கி 304 பேர் இறந்த பிறகு, அரசுப் பணத்திலேயே தனி 4ஜி வலையமைப்பு கட்டி 2021இல் முடித்தது.

இந்தியாவில் யோசனைக்குப் பஞ்சமில்லை. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2012இல் தனிப் பேரிடர்த் தொடர்பு வலையமைப்புக்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. 2018 ஜூன் 4 அன்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இன்னும் திட்டவட்டமாகப் பரிந்துரைத்தது: உள்துறை அமைச்சகத்தின் கீழ் ஒரு சிறப்பு நிறுவனம், 800 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் இரு திசைக்கும் பத்துப் பத்து மெகாஹெர்ட்ஸ், முதலில் சில மண்டலங்களில் வெள்ளோட்டம். ஃபெஞ்சல் வந்தபோது அந்தப் பரிந்துரைக்கு ஆறு வயது முடிந்திருந்தது. விழுப்புரம் மாவட்டத்தில் யார் கையிலும் அப்படி ஒரு கருவி இருக்கவில்லை.

காசு இல்லாததால் நின்றது என்று நான் நம்பவில்லை. 2021 ஜூனில் மத்திய அமைச்சரவை ரயில்வேக்கு 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் 5 மெகாஹெர்ட்ஸ் ஒதுக்கியது. ஐந்தாண்டுகளில் 25,000 கோடி ரூபாய்க்கு மேல் முதலீடு என்றும் சொன்னது. 2022 ஏலத்தில் அலைவரிசை விற்று அரசு கண்ட தொகை 1.5 லட்சம் கோடி ரூபாய். ரயில்வேக்கு ஒரு அமைச்சகம், ஒரு கணக்கு, கேட்க ஒரு வாய் உண்டு. மீட்புப் பணியோ காவல், தீயணைப்பு, வருவாய், சுகாதாரம், மீன்வளம், பொதுப்பணி என்று பத்துத் துறைகளில் சிதறிக் கிடக்கிறது. எல்லோருக்கும் தேவையானது எந்தத் துறையின் கோரிக்கைப் பட்டியலிலும் முதலிடம் பெறுவதில்லை.

சிதறலின் விலை ஃபெஞ்சல் நாள்களிலேயே தெரிந்தது. பிரம்மதேசம் பக்கம் இல்லை, இதே மாவட்டத்தின் தென்பகுதியில். டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை தண்ணீர் திறந்துவிடப்பட்டது. தென்பெண்ணைக் கரை ஊர்கள் மூழ்கின. எச்சரிக்கை போதவில்லை என்று எதிர்க்கட்சிகள் சொல்ல, ஐந்து முறை எச்சரித்தோம் என்று அரசு சொன்னது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். அணைப் பொறியாளர் திருவண்ணாமலை மாவட்டத்தில், மூழ்கும் ஊர் விழுப்புரத்திலோ கடலூரிலோ. அலுவலகத்திலிருந்து அலுவலகத்துக்குப் போன எச்சரிக்கை, ஆற்றங்கரைத் தெருவில் நிற்கும் காவலரின் கையிலுள்ள கருவியில் அதே நொடியில் ஒலித்தால்தான் எச்சரிக்கை.

மீனவருக்கு மட்டும் ஓரளவு வழி பிறந்திருக்கிறது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் கன்னியாகுமரிக் கடலில் மீனவர்களைத் தொடர்பற்றுப் போகவைத்த கொடுமைக்குப் பின், இஸ்ரோவின் செயற்கைக்கோள் வழிக் கருவிகளை ஒரு லட்சம் படகுகளில் இலவசமாகப் பொருத்த 364 கோடி ரூபாய்த் திட்டம் வந்தது. கரையிலிருந்து செய்தி போகும், படகிலிருந்தும் வரும். அதேபோல் பொதுமக்களின் செல்போனுக்கு ஆபத்துச் செய்தி அனுப்பும் ஏற்பாட்டுக்கு மத்திய அரசு 354.83 கோடி ஒதுக்கியது. ஆக, கடலில் இருப்பவனுக்கு ஒரு கருவி, வீட்டில் இருப்பவனுக்கு ஒரு குறுஞ்செய்தி. இருவரையும் காப்பாற்றப் போகிறவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளத்தான் பொதுவான ஏற்பாடு இல்லை.

பணம் எங்கே இருக்கிறது என்று நான் நினைப்பதைச் சொல்லிவிடுகிறேன். தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் வருவாயில் 5 விழுக்காட்டை அனைவருக்குமான சேவை நிதிக்குக் கட்டுகின்றன. 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தில் அதற்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர் மாறியது. நிறுவனம் கட்டுகிறது என்பது கணக்குப் புத்தகத்தில். உண்மையில் மரக்காணத்தை அடுத்த மீனவ ஊரான எக்கியார்குப்பத்துக்காரர் போடும் ஒவ்வொரு ரீசார்ஜிலும் அது இருக்கிறது. வசூலில் பெரும்பகுதி ஆண்டுக்கணக்கில் செலவாகாமல் அரசுக் கணக்கில் தங்கியதும் ஊரறிந்தது. இந்த நிதியிலிருந்துதான் மாவோயிஸ்ட் ஆதிக்கப் பகுதிகளில் 2,300க்கும் மேற்பட்ட டவர்களை பிஎஸ்என்எல் அமைத்தது; கட்டும் செலவு மட்டுமில்லாமல் ஐந்தாண்டு நடத்தும் செலவும் சேர்த்துத் தரப்பட்டது. காட்டில் பாதுகாப்புக்காகச் செய்ததைக் கடற்கரையில் புயலுக்காகச் செய்ய முடியாதா? நிதியின் நோக்கத்தில் அது அடங்காது என்று ஒரு வாதம் வரும். புயல் இரவில் லைன் இல்லாத கடலோர ஊரைவிடச் சேவை எட்டாத ஊர் எது என்று திருப்பிக் கேட்கலாம்.

சட்டமும் தடையாக இல்லை. அதே 2023 சட்டத்தின் முதல் அட்டவணை, பேரிடர் மேலாண்மைக்கும் உயிர், உடைமைப் பாதுகாப்புக்கும் ஏலமின்றி அலைவரிசை ஒதுக்க அனுமதிக்கிறது. 20ஆம் பிரிவு, பொது அவசர நிலையில் மீட்புப் பணியாளர்களின் செய்திகளுக்கு முன்னுரிமை தரும் ஏற்பாட்டை அரசு செய்யலாம் என்கிறது. முன்னுரிமை என்பது டவர் உயிரோடு இருக்கும்வரைதான் என்பதை மறந்துவிடக் கூடாது. நிறுவனங்களின் வலையமைப்பை மட்டும் நம்பியிருப்பதற்கு அங்கே ஒரு எல்லை வந்துவிடுகிறது.

எனவே நாடு முழுக்க ஒரே பெரிய 4ஜி வலையமைப்பு எழும்வரை காத்திருப்பதை நான் ஏற்கவில்லை. பிரிட்டன் அப்படித்தான் காத்திருந்து காசை இறைத்தது. கடலோர ஒன்றியங்களில் மட்டும் எல்லாத் துறைக்கும் பொதுவான டிஜிட்டல் விஎச்எஃப் ரிப்பீட்டர்கள், மூன்று நாள் தாங்கும் பேட்டரி, சூரியப் பலகை, உப்புக்காற்றைத் தாங்கும் கம்பம் என்று தொடங்கலாம். ஒரு ரிப்பீட்டர் என்பது லட்சங்களில் முடியும் காரியம், கோடிகளில் இல்லை. சாதாரண நாளில் அதையே ஊராட்சிக் குடிநீர்ப் பணிக்கும் மீனவர் அறிவிப்புக்கும் பயன்படுத்தவிட்டால், வில்லியனூரில் நடந்ததுபோல் பராமரிப்புக்கு ஊரே காவல். கட்டும் செலவைப் பேரிடர் நிதி ஏற்கட்டும். ஆண்டுச் செலவை டிஜிட்டல் பாரத் நிதி ஏற்கட்டும். அலைவரிசைக் கட்டணத்தை மத்திய அரசு அடியோடு தள்ளுபடி செய்யட்டும். ஊராட்சிகளிடமும் சிறு துறைகளிடமும் மாதச் சந்தா கேட்கும் திட்டம் எதுவும் வேண்டாம். கட்ட முடியாத ஊர் சேராது, அந்த ஊரில்தான் முதலில் தண்ணீர் ஏறும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒவ்வொரு ஆண்டும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் முன்னேற்பாட்டுக் கூட்டம் நடக்கிறது. படகு எத்தனை, மணல் மூட்டை எத்தனை, மரம் அறுக்கும் இயந்திரம் எத்தனை என்று பட்டியல் வாசிப்பார்கள். அந்தக் கூட்டத்துக்குப் போகும் ஊராட்சித் தலைவர்களும் மீனவப் பஞ்சாயத்தாரும் செய்தியாளர்களும் இந்த ஆண்டு கூடுதலாக ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த மாவட்டத்தின் வயர்லெஸ் செட்டுகளுக்கு ஆண்டுப் பராமரிப்புத் தொகை எந்தக் கணக்குத் தலைப்பில், எவ்வளவு ஒதுக்கப்பட்டிருக்கிறது? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.